முதலில் ஓட்டை, அப்புறம் ஹீட்டர்: கொண்டோ வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகையை வெளியே அனுப்புவது எப்படி

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் ஒரு பழைய கொண்டோவில், பதினான்காவது மாடியில் வீடு வாங்கினோம். யார்டில், அதாவது சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் இடத்தில், ஒரு கேஸ் வாட்டர் ஹீட்டர் மாட்டியிருந்தது. முன்பு இருந்தவர் விட்டுப்போனது. கை வைத்தால் சூடு தாங்காத அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. அம்மாவின் முட்டி வலிக்கு இதமாக இருந்தது. இலவசமாக வந்த பொருளாயிற்றே என்று நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலத்தில் மட்டும் வந்தது. பிரஷர் என்றோம், வெயில் என்றோம். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டியது. ஒரு நாள் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா குளித்துவிட்டு வந்து, சமையலறை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தலை கனத்தது. அன்றுதான் ஹீட்டரை அடைத்தேன்.

புதிதாகப் போட்டு முடிக்க எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது. அதில் பாதி என் அவசரத்தால் வீணானது: ஹீட்டரை முதலில் வாங்கினேன், அதன் புகை எந்த வழியாகப் போகும் என்பதை அப்புறம் யோசித்தேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்.

1. முதலில் யார்டில் போய் நில்லுங்கள்

கேஸ் எரிந்தால் தண்ணீர் ஆவியும் கரியமில வாயுவும் வரும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அம்மாவுக்கு 98 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே போனால் சரியாகிவிடும் தலைவலி, வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வரும் மயக்கம், குமட்டல் என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர்மேல்தான் இருக்க வேண்டும்.

சரி, யார்டில் என்ன பார்ப்பது? முதலில், அது இன்னும் யார்டுதானா என்று பாருங்கள். எங்கள் கட்டடம் கட்டப்பட்டபோது யார்டு திறந்த இடம். வெறும் கிரில் மட்டும்தான். மழைச் சாரல் அடிக்கிறது, துணி நனைகிறது என்று முன்பு இருந்தவர் அலுமினியம் சட்டத்தில் கண்ணாடிச் சன்னல் போட்டு முழுவதையும் மூடிவிட்டார். ஹீட்டர் பழைய இடத்திலேயே இருந்தது. புகைக்குழாயை மட்டும் சன்னலுக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக வெளியே நீட்டியிருந்தார்கள். அதன் வாய்க்கும் சன்னல் விளிம்புக்கும் என் கையால் ஒரு சாண் இருந்தது. புகை வெளியே போய், திறந்திருந்த சன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். ஹூட் வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப வேறெங்கிருந்தாவது காற்று வர வேண்டும். கதவு சன்னல் சாத்தியிருந்தால் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகத்தான் வரும், புகையையும் சேர்த்துக்கொண்டு. நான் சமைக்கும்போதுதான் அம்மாவுக்குத் தலைவலி வந்ததன் காரணம் இது.

பழைய ஹீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். முதலில் கேஸ் வாசனை அறவே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹூட்டை முழு வேகத்தில் போட்டு, சன்னல்களைச் சாத்தி, ஹீட்டரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டரின் தலைப்பகுதியில் புகை வெளியேறும் இடத்தருகே ஒரு ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை குழாய்க்குள் போனால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கி வந்தால் உடனே ஹீட்டரை அடைத்துச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வாசலைத் திறந்தவுடன் ஓடிவரும் பூனை மாதிரி நேராக என்மேல் வந்தது. சோதனையில் தேறிவிட்டது என்பதால் ஹீட்டர் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. தோற்றால் மட்டும் நிச்சயம் கெட்டது.

2. உங்கள் வீட்டுக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் எல்லாமே வெள்ளைப் பெட்டியாகத்தான் தெரியும். வித்தியாசம் புகை போகும் விதத்தில் இருக்கிறது.

புகைக்குழாயே இல்லாத சிறிய ஹீட்டரை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். அடுத்தது, சூடான புகை தானாக மேலே எழும்பிப் போகும் வகை. எங்களிடம் இருந்த பழசு அதுதான். உயரமான மாடியில் காற்று எதிர்த்து அடித்தால் புகை திரும்பிவிடும். மூன்றாவது, எஃப்.இ. என்று சொல்வார்கள்: உள்ளே ஒரு மின்விசிறி இருந்து புகையை வெளியே தள்ளும், ஆனால் எரிவதற்கான காற்றை இருக்கும் அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான்காவது எஃப்.எஃப்.: காற்றையும் வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியே விடும், அறைக்கும் நெருப்புக்கும் தொடர்பு இருக்காது. மூடிய இடத்துக்கு இதுதான் சிறந்தது, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஐந்தாவது, வெளிப்புறச் சுவரில் மாட்டும் வகை. தரை வீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் வெளிப்புற ஹீட்டரை மாட்டிய பிறகு அந்த இடத்தைக் கூரை போட்டு, கண்ணாடி போட்டு மூடினால் கதை மறுபடி ஆரம்பம்.

எங்களுக்கு எஃப்.எஃப். வாங்கக் கட்டுப்படியாகவில்லை. எஃப்.இ. எடுத்து, யார்டுச் சன்னலின் கீழ்ப்பாதியைக் கழற்றி, மூட முடியாத அலுமினியம் லூவராக (காற்று வரச் சாய்வாகத் தகடுகள் வைத்த சட்டம்) மாற்றினோம். காரணம் இந்தக் கணக்கு: 10 லிட்டர் ஹீட்டர் முழு நெருப்பில் சுமார் 20 கிலோவாட் எடுக்கும். அதற்கு மணிக்கு ஏறக்குறைய 20 கன மீட்டர் காற்று வேண்டும். என் யார்டின் மொத்தக் கொள்ளளவே 8 கன மீட்டர். ‘மூட முடியாத’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூட முடிகிற சன்னலை மழை வந்தால் யாராவது மூடத்தான் செய்வார்கள்.

எந்த வகையாக இருந்தாலும் குளியலறைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் வேண்டாம்.

3. சுவரில் ஓட்டைக்கு இடம் பாருங்கள்

இந்த ஓட்டை எங்கே வரும் என்று தெரியாமல் ஒரு காசு செலவழிக்காதீர்கள்.

முதலில் ஏர் வெல். பழைய அடுக்குமாடிகளில் நடுவே கிணறு மாதிரி ஒரு திறப்பு இருக்கும்; எல்லா வீட்டுக் குளியலறைச் சன்னலும் சமையலறைச் சன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். நான் முதலில் கூப்பிட்ட ஆள், “அக்கா, ஏர் வெல்லுக்குள்ள விட்டா மேலே போயிடும், ஒன்னும் ஆகாது. எல்லா வீட்லயும் அப்படித்தான் போட்டிருக்கோம்” என்றார். எங்கள் ஏர் வெல்லில் எட்டிப் பார்த்தேன். பதினைந்தாவது மாடியின் நாக்கோ கண்ணாடிச் சன்னல் எனக்கு நேர் மேலே, ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. காற்றே அடிக்காத கிணற்றில் புகை எங்கே போகும்? மேல் வீட்டுக்குத்தான். அந்த ஆளை அத்தோடு அனுப்பிவிட்டேன்.

அடுத்து காரிடார், லிஃப்ட் வாசல், மாடிப்படி. இவை தீ விபத்தின்போது ஆள் தப்பிக்கும் வழிகள். அந்தச் சுவர்களில் ஓட்டையும் போடக்கூடாது, புகையும் விடக்கூடாது. சமையலறை ஹூட்டின் குழாயோடு ஹீட்டர் குழாயைச் சேர்ப்பதும் ஆபத்து. ஒன்று ஓடும்போது இன்னொன்றின் வழியாகப் புகை வீட்டுக்குள் வரும்.

மிச்சம் இருப்பது வெளிவானத்தைப் பார்க்கும் சுவர்தான். அதிலும் தூணும் பீமும் வேண்டவே வேண்டாம். செங்கல் சுவர் என்றால் சிக்கல் குறைவு. கான்கிரீட் சுவர் என்றால் உள்ளே கம்பி எங்கே போகிறது என்று பார்க்காமல் துளைக்க விடாதீர்கள். சில நிர்வாகங்கள் பொறியாளர் கடிதம் கேட்கும்.

புகை வெளியேறும் வாய்க்கும், திறக்கக்கூடிய சன்னல், ஏர்கண்டிஷன் வெளிப்பெட்டி, பக்கத்து வீட்டுத் திறப்பு ஆகியவற்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஹீட்டரின் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். கடைக்காரரிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் அதிகபட்சம் எவ்வளவு நீளம், எத்தனை வளைவு என்பதும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு வளைவும் மின்விசிறிக்குச் சுமை. நீளமாக இழுத்து மூன்று முறை திருப்பினால் புகை திணறும்.

4. மேனேஜ்மெண்டில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள்

கொண்டோவின் வெளிச்சுவர் உங்களுடையது அல்ல, பொதுச் சொத்து. அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின்படி, வீட்டில் சீரமைப்பு வேலை செய்ய நிர்வாகக் கழகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. வாய் வார்த்தையாக “போடுங்க, பரவாயில்லை” என்று மேனேஜர் சொல்வது ஒன்றுக்கும் உதவாது. அடுத்த மாதமே மேனேஜர் மாறலாம். எங்கள் கட்டடத்தில் மாறினார்.

நான் கொடுத்தவை: சீரமைப்பு விண்ணப்பப் பாரம், அடையாள அட்டை நகல், வீடு என் பெயரில் இருப்பதற்கான ஒப்பந்த நகல், ஹீட்டரின் விவரத்தாள், சுவரின் உட்புற வெளிப்புறப் புகைப்படங்கள், கையால் வரைந்த ஒரு வரைபடம், குத்தகையாளரின் (வேலையை எடுத்துச் செய்பவர்) பதிவுச் சான்றிதழ் நகல், வேலைக்கு வருகிறவர்களின் பெயரும் வண்டி எண்ணும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் காவலாளி உள்ளே விடமாட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தையும் வைக்க வேண்டும்.

வரைபடத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் விட்டம், தரையிலிருந்து உயரம், பக்கத்துச் சன்னலிலிருந்து தூரம், எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். முதல் தடவை நான் ‘சிறிய ஓட்டை’ என்று எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒன்பது நாள் கழித்து.

இன்னொரு பொறி: பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் பல இடங்களில் பாரத்தையே வாங்கமாட்டார்கள். முன்பு இருந்தவரின் தண்ணீர் பாக்கி 84 வெள்ளி எங்கள் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குக் கௌண்டரில்தான் தெரிந்தது.

அனுமதிக்கு எனக்கு மொத்தம் 19 நாள் ஆயிற்று. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 1,000 வெள்ளி, பாரத்துக்கு 50 வெள்ளி. சுவர் துளைப்பதற்கு வாரநாள் காலை 9 முதல் மாலை 5 வரை, சனிக்கிழமை மதியம்வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. பெருநாள் காலங்களில் ஒரு வாரம் முன்பிலிருந்தே வேலையை நிறுத்தச் சொல்வார்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குள் முடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அன்று அதிகாலை நாலரை மணிக்கு அண்டாவில் தண்ணீர் காய வைத்து வாளியில் தூக்கினோம்.

5. இப்போது ஹீட்டர் வாங்குங்கள்

அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு, அதற்கு முன்னால் வேண்டாம். நான் முதலில் தள்ளுபடியில் வாங்கிய 16 லிட்டர் ஹீட்டரின் குழாய் எனக்குக் கிடைத்த சுவருக்குப் பொருந்தவில்லை. கடைக்காரத் தவுக்கே நல்ல மனுஷன், 300 வெள்ளி கழித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்.

பெரியதே நல்லது என்ற நினைப்பும் இங்கே தவறு. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் தண்ணீரை 25 டிகிரி உயர்த்துவதற்கான கணக்கு. கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 27, 28 டிகிரி இருக்கும். குளிக்க 40 போதும். 12 டிகிரி ஏற்றினால் போதும் என்னும்போது, 10 லிட்டர் ஹீட்டரே இரண்டு குளியலறைக்குத் தாங்கும். பெரிய ஹீட்டரால் நெருப்பை அவ்வளவு சிறியதாகக் குறைக்க முடியாது. தண்ணீர் கொதிக்கும், நீங்கள் பச்சைத் தண்ணீரைத் திறப்பீர்கள், சுடுதண்ணீர் ஓட்டம் குறையும், ஹீட்டர் அணைந்துபோகும். தலையில் ஷாம்புவோடு நிற்க வேண்டியதுதான்.

கேஸ் வகையைத் தகட்டில் படித்துப் பாருங்கள். தோங்கில் (கேஸ் சிலிண்டரில்) வருவது எல்.பி.ஜி. சில கட்டடங்களில் குழாயில் இயற்கை எரிவாயு வரும், சில கட்டடங்களில் குழாயிலேயே எல்.பி.ஜி. வரும். குழாய் என்றால் மேனேஜ்மெண்டில் கேட்டு உறுதி செய்யுங்கள். இயற்கை எரிவாயுவுக்கான ஹீட்டரில் எல்.பி.ஜி. கொடுத்தால் நெருப்பு அளவுக்கு மீறி, மஞ்சளாகி, கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு கக்கும். எவ்வளவு நல்ல புகைக்குழாய் போட்டாலும் இதைக் காப்பாற்ற முடியாது. எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற மாடலா என்றும் கேளுங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத பெட்டிகளுக்குக் கையேடே சீன மொழியில் மட்டும்தான் இருக்கும். இடைவெளிப் படத்தை யார் படித்துச் சொல்வது?

6. குழாய் மாட்டும் நாள்: பக்கத்திலேயே நில்லுங்கள்

கேஸ் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரைப் பிடியுங்கள். பிளம்பருக்குத் தண்ணீர்க் குழாய் தெரியும், கேஸ் வேறு. குழாய் கேஸ் உள்ள கட்டடத்தில் மீட்டருக்கு முன்னால் இருக்கும் எதையும் கேஸ் நிறுவனத்தின் ஆளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

அன்று நான் ஒரு ஸ்டூலைப் போட்டு யார்டிலேயே உட்கார்ந்தேன். பார்க்க வேண்டியவை இவை.

குழாய் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், ஹீட்டர் தயாரிப்பாளர் சொன்ன அளவில். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடும் நெளி அலுமினியக் குழாயைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பி.வி.சி. குழாய் 80 டிகிரியிலேயே இளகிவிடும். புகை அதைவிடச் சூடாக வரும். எங்கள் பக்கத்து பிளாக்கில் பி.வி.சி. போட்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன், குழாய் திரும்பும் முழங்கைத் துண்டு நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி வளைந்திருந்தது.

எஃப்.இ. குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து இருக்க வேண்டும், மழைத் தண்ணீரும் புகையிலிருந்து குளிர்ந்து விழும் தண்ணீரும் வெளியே வழிய. என் குத்தகையாளர் மட்டப்பலகையில் குமிழ் நடுவில் நிற்கும்படி அழகாக நேராக மாட்டிவிட்டு, “தப்பு இல்ல பாருங்க” என்று பெருமையாகச் சொன்னார். கையேட்டின் படத்தைக் காட்டினேன். தலையைச் சொறிந்துவிட்டு, உட்பக்கத்தை ஒரு விரல்கடை தூக்கினார். நம் ஊர் மழை காற்றோடு படுக்கையாக அடிக்கும். நேராக இருந்தாலே தண்ணீர் மின்விசிறிக்குள் போய்விடும். தானாகப் புகை எழும்பும் வகைக்கு இது நேர் எதிர்: குழாய் மேல்நோக்கி ஏற வேண்டும்.

ஒவ்வொரு இணைப்பும் ஒன்றுக்குள் ஒன்று இறுகிப் போக வேண்டும், சூடு தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். சாதாரண டேப் இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெளியே போன புகை அந்த வளையம் வழியாகவே எட்டிப் பார்க்கும். மரம், பிளாஸ்டிக், துணி உலர்த்தும் கொடி எதுவும் குழாயைத் தொடக்கூடாது. வெளி வாயில் ஹீட்டரோடு வந்த மூடியையே போடுங்கள். குருவி கூடு கட்டும் என்று கொசுவலையைக் கட்டினால் தூசி படிந்து அடைத்துக்கொள்ளும்.

தோங் வைத்திருப்பவர்களுக்கு: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழும். அதனால் தோங் பக்கத்தில் தரைச் சாக்கடைத் துளை இருக்கக்கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அலமாரிக்குள் பூட்டக்கூடாது. குழாய் கேஸ் உள்ள சில கொண்டோக்களில் தோங்குக்கே தடை, விதியைக் கேளுங்கள். வீட்டுத் தோங் கட்டுப்பாட்டு விலையில் கிலோ 1 வெள்ளி 90 காசு, 14 கிலோவுக்கு 26 வெள்ளி 60 காசு, தூக்கிவருகிற கூலி தனி. எங்கள் நான்கு பேர் குளியலுக்கு மாதம் ஒன்று ஆகிறது.

செலவைச் சொல்லிவிடுகிறேன், பேரம் பேச உதவும். ஹீட்டர் 980 வெள்ளி, குழாயும் முழங்கையும் மூடியும் 160, வட்டத் துளை போட 250, கேஸ் குழாய் வால்வு கூலி சேர்த்து 650, மின்விசிறிக்கான பிளக் பாயிண்ட் 120, அலாரம் இரண்டு 280, பாரம் 50. ஆக 2,490. சன்னலை லூவராக மாற்றியது மச்சான் கைவண்ணம், அதற்கு ஒரு பிரியாணி. தவுக்கேயிடம் விட்ட 300-ஐ நான் கணக்கில் சேர்க்கவில்லை, மனசு கேட்கவில்லை.

7. ஆள் கிளம்புவதற்கு முன்னால் சோதியுங்கள்

பணம் முழுவதையும் கொடுத்துவிட்டால் சோதனை நடக்காது. கடைசி 200 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்பைக் காட்டிச் சோதிப்பவரை வீட்டை விட்டே அனுப்புங்கள். அப்புறம் எல்லாச் சன்னலையும் சாத்தி, ஹூட்டை முழு வேகத்தில் போட்டு, இரண்டு குளியலறையிலும் சுடுதண்ணீரைத் திறந்து, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியைக் குத்தகையாளர் கொண்டுவருவது நல்லது. இல்லாவிட்டால் எண் காட்டும் அலாரத்தை நீங்களே வாங்கி யார்டில் வையுங்கள். ஓடும் முழு நேரமும் 0 இருக்க வேண்டும். நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் முதல் நாள் 11 காட்டியது. உட்பக்க முழங்கையின் இணைப்பு சரியாக உட்காரவில்லை. கழற்றி மாட்டிய பிறகு 0.

கட்டணச் சீட்டில் ஹீட்டர் மாடல், கேஸ் வகை, குத்தகையாளரின் பதிவு எண், தேதி நான்கும் இருக்கட்டும். காப்புறுதிக்காரர் நாளைக்குக் கேட்டால் அதுதான் சாட்சி.

8. அலாரம் மாட்டுங்கள்

கடையில் ‘கேஸ் அலாரம்’ என்று கேட்டால் கேஸ் கசிவைச் சொல்லும் அலாரத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு. எல்.பி.ஜி. கசிவுக்கானது தரையருகே இருக்க வேண்டும், இயற்கை எரிவாயுவுக்கானது கூரையருகே. உங்களுக்கு வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம், பெட்டியில் இ.என். 50291 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தின்படி 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்தும், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள். அதனால் உடனே கத்தவில்லை என்று ‘கெட்டுப்போச்சு’ என்று நினைக்காதீர்கள்.

ஒன்றை ஹீட்டர் இருக்கும் இடத்தில், அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. இன்னொன்றை ஆள் தூங்கும் அறையில். ஹீட்டருக்கு நேர் மேலே வேண்டாம், சன்னல் ஓரமும் வேண்டாம். பின்பக்கத்தில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். பேட்டரி புதிதாக இருந்தாலும் அந்த ஆண்டு தாண்டினால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கத்தினால்: ஹீட்டரை அடையுங்கள், சன்னல் கதவெல்லாம் திறந்துவிடுங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள், தலைசுற்றலோ மயக்கமோ யாருக்காவது இருந்தால் 999. ‘கார்பன் மோனாக்சைடு’ என்ற வார்த்தையை மருத்துவமனையில் நீங்களே சொல்லுங்கள்; சாதாரணத் தலைவலி என்று போய்விடக்கூடாது. கேஸ் வாசனை வந்தால் மட்டும் வேறு மாதிரி: எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஃபேன் சுவிட்சையும்கூட. வால்வை அடைத்து, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து போன் செய்யுங்கள்.

9. வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் டெபாசிட்

வருஷத்துக்கு ஒரு முறை ஹீட்டரைத் திறந்து தூசி தட்டச் சொல்லுங்கள். எங்களுடையதில் முதல் சர்வீஸில் இரண்டு பல்லி, ஒன்று உயிரோடு. நெருப்பு மஞ்சளானாலோ, ஹீட்டரின் தலையில் கரி படிந்தாலோ, சர்வீஸ் வரும்வரை காத்திருக்காமல் அடைத்துவிடுங்கள். சமையலறையைப் புதுப்பிக்கும்போதும் ஹூட்டை மாற்றும்போதும் ஏழாவது படியில் சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள்.

டெபாசிட்டுக்கு நீங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. வேலை முடிந்த படங்களையும் அனுமதிக் கடிதத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேனேஜ்மெண்டு ஆள் வந்து வெளிச்சுவரைப் பார்ப்பார். எனக்கு ஆறு வாரம் கழித்து 950 வெள்ளி வந்தது. லிஃப்டில் சிமெண்ட் தூசி என்று 50 பிடித்துவிட்டார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் லிஃப்டையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் வாதாடியிருக்கலாம்.